‘கெட்’ என்றால் பெறுவது மட்டுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (வாங்குபவரோடு பேசி ஆர்டரை நடத்துபவர்) சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நான் தமிழ் வழியில் படித்தவள். வெளிநாட்டு பையர் ஒருவர் ‘சாரி, ஐ டோன்ட் கெட் திஸ் காஸ்டிங்’ என்று மெயில் போட்டார். காஸ்டிங் ஷீட் (விலைக் கணக்குத் தாள்) போய்ச் சேரவில்லை என்று நினைத்து அதையே மறுபடி அனுப்பினேன். அவர் திரும்பவும் அதையே எழுத, மூன்றாவது தடவையும் அனுப்பினேன். கடைசியில் மேனேஜர் கூப்பிட்டு, “அவருக்குக் கணக்கு புரியலைன்னு சொல்றாரும்மா” என்றார். கூசிப்போய்விட்டேன். அகராதியில் ‘கெட்’ என்றால் பெறு, அடை என்று இருக்கிறது. எனக்கு வரும் மெயில்களிலோ அது ஆளுக்கொரு விதமாக வருகிறது. இதை எப்படிப் பிடிப்பது?

பதில்: நீங்கள் கூச வேண்டியதே இல்லை. பெறு என்று அகராதி சொன்னதை நம்பி, கிடைக்காத ஒன்றை மறுபடி அனுப்பினீர்கள். உங்கள் தர்க்கம் சரி. அகராதி முதல் வரியோடு உங்களை அனுப்பிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த மெயிலிலேயே ஒரு தடயம் இருந்தது. மெயிலோ ஃபைலோ வந்து சேராவிட்டால் அது நடந்து முடிந்த சமாச்சாரம். ஆகவே ‘ஐ டிட்ன்ட் கெட் யுவர் மெயில்’ என்றோ, ‘ஐ ஹேவன்ட் காட் இட் யெட்’ என்றோதான் எழுதுவார்கள். உங்கள் பையர் ‘டோன்ட்’ போட்டிருக்கிறார். ஷீட் அவர் கண் முன்னால் இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறார், இப்போதும் பிடிபடவில்லை. குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டி ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்று வந்தால், பெரும்பாலும் அது ‘எனக்குப் புரியவில்லை’தான். நாமும் ‘விஷயம் கைக்கு வரலை’, ‘பிடிபடலை’ என்று சொல்கிறோமே. கையில் பிடிப்பதும் மனதில் பிடிப்பதும் ஒரே சொல்லில் அடங்குவது நமக்கும் புதிதல்ல.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா என்று மலைக்காதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்ற சின்னஞ்சிறு சொல்லுக்கு 430 பொருள்கள் கொடுத்திருந்தார்கள். அந்த 430ஐயும் எந்த ஆங்கிலேயரும் உருப்போட்டுப் பேசுவதில்லை. நம் ‘போடு’வைப் பாருங்கள். சட்டை போடு, சோறு போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, ஃபேனைப் போடு, குட்டி போடு. ஒரு வெளிநாட்டுக்காரர் இதையெல்லாம் பட்டியல் போட்டுப் படித்தால் தலை சுற்றும். உங்களுக்குச் சுற்றுவதில்லை, ஏனென்றால் ‘போடு’வுக்கு முன்னால் என்ன வருகிறது என்பதை வைத்தே நீங்கள் பொருளை எடுக்கிறீர்கள். ‘கெட்’டிலும் வழி இதுதான். ஒரே வித்தியாசம், ஆங்கிலத்தில் அதற்குப் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டும்.

‘கெட்’ வரும் இடத்தில் பெரும்பாலும் ஒரு மாற்றம் நடக்கிறது. முன்பு இல்லாதது இப்போது இருக்கிறது, அங்கே இருந்தவர் இங்கே வந்துவிட்டார், பச்சையாக இருந்தது பழுத்துவிட்டது. அந்த மாற்றத்தைச் சொல்லத் தமிழில் நாம் தனித்தனி வினை வைத்திருக்கிறோம்: கிடை, ஆகு, சேர், வை, படு. ஆங்கிலப் பேச்சு இவை அத்தனைக்கும் ஒரே சொல்லை அனுப்பிவிடுகிறது.

பின்னால் ஒரு பொருளின் பெயர் வந்தால் ‘கிடை’ அல்லது ‘வாங்கு’. இதை நீங்களே அறிவீர்கள். பண்பைச் சொல்லும் சொல் வந்தால் ‘ஆகு’. ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ என்றால் நேரமாகிறது. ‘கெட் ரெடி’ என்றால் தயாராகு. ‘ஷீ காட் ஆங்ரி’ என்றால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த இடத்தில் நம்மவர்கள் அடிக்கடி சறுக்குவது ‘இரு’வையும் ‘ஆகு’வையும் குழப்பிக்கொள்வதில்தான். ‘ஐ ஆம் மேரீட்’ என்றால் நான் கல்யாணமானவர், இப்போதைய நிலை. கல்யாணம் ‘ஆன’ நாளைச் சொல்ல ‘ஐ காட் மேரீட் இன் 2019’ என்றுதான் வர வேண்டும். ‘ஐ ஆம் மேரீட் இன் 2019’ என்று எழுதிய பயோடேட்டாக்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். ஆளைச் சொல்லும்போது ‘வித்’ வேண்டாம், ‘காட் மேரீட் டு’ என்று எழுதுங்கள். அதே கணக்கில், ‘ஐ ஆம் யூஸ்ட் டு இட்’ என்றால் பழகிப்போயிற்று. ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்’ என்றால் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இடமோ திசையோ வந்தால் ‘சேர்’, ‘ஏறு’, ‘இறங்கு’. ‘வென் டிட் யூ கெட் ஹோம்?’ என்றால் எப்போது வீடு போய்ச் சேர்ந்தாய். பஸ்ஸிலிருந்து இறங்குவதை நாம் எல்லோரும் ‘கெட் டவுன்’ என்கிறோம். இந்தியாவுக்குள் இதில் ஒரு குழப்பமும் வராது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பஸ், ரயில், விமானத்துக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’ என்றும், காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’ என்றும் சொல்வார்கள். உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டியென்றால் ஆன், ஆஃப். குனிந்து நுழைந்து உட்காருகிற வண்டியென்றால் இன், அவுட். அங்கே திடீரென்று ‘கெட் டவுன்!’ என்று கத்தினால் தலையைக் குனி, தரையோடு படு என்று அர்த்தமாகலாம்.

உங்கள் வேலைக்கு மிக முக்கியமானது அடுத்து வருவது. ‘ப்ளீஸ் கெட் த லேப் டிப்ஸ் அப்ரூவ்ட் பை ஃப்ரைடே’ என்று உங்களுக்கு மெயில் வந்திருக்கும். இங்கே ‘கெட்’டுக்குப் பின்னால் ஒரு பொருள், அதற்கும் பின்னால் முடிந்த செயல். லேப் டிப்பை, அதாவது சாய நிற மாதிரியை, அப்ரூவ் செய்வது நீங்கள் அல்ல, பையரின் ஆள். அதைச் செய்ய வைத்து, வெள்ளிக்குள் முடித்துக் கையில் வாங்குவது உங்கள் பொறுப்பு. ‘ஐ அப்ரூவ்ட் த லேப் டிப்ஸ்’ என்று நீங்கள் பதில் எழுதினால் இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டதாகிவிடும். ‘ஐ காட் த லேப் டிப்ஸ் அப்ரூவ்ட்’ என்றால் ஒப்புதல் வாங்கிவிட்டேன். ஒரே ஒரு ‘காட்’, ஆனால் யார் செய்தார், யார் செய்ய வைத்தார் என்ற கோடு முழுக்க அதில்தான் இருக்கிறது.

சலூனில் போய் முடி வெட்டிக்கொண்டவர் ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொல்வதும் இதே தப்பு. கேட்பவர் நீங்களே கத்தரியை எடுத்து வெட்டிக்கொண்டதாக நினைப்பார். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பதே சரி. தமிழில் ‘முடி வெட்டிக்கிட்டேன்’ என்றாலே வெட்டியது இன்னொருவர் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. அந்த வசதியை நம்பி ஆங்கிலத்திலும் ‘காட்’டை விட்டுவிடுகிறோம்.

பொருளுக்குப் பதில் ஆள் வந்தால் நடுவில் ‘டு’ சேரும். ‘கெட் த டையிங் யூனிட் டு ரீசெக் த ஷேட்’ என்றால், சாயப்பட்டறைக்காரரிடம் சொல்லி ஷேடை மறுபடி பார்க்க வையுங்கள். இதில் கேட்டு, பேசி, இணங்க வைக்கும் சாயல் உண்டு. ‘மேக்’ போட்டால் வற்புறுத்தல் வந்துவிடும்.

‘படு’வும் ‘கெட்’டுக்குள் வரும். ‘ஹீ காட் காட்’ என்று காதில் விழுந்தால் சிரிக்காதீர்கள். முதல் ‘காட்’ நம் சொல், இரண்டாவது பிடிப்பதன் இறந்தகாலம். அவன் பிடிபட்டான், மாட்டிக்கொண்டான். ‘த ஷிப்மென்ட் காட் டிலேய்ட்’ என்றால் தாமதமாகிவிட்டது. அடிபட்டான், அகப்பட்டான் என்பதில் நமக்கு இருக்கும் அந்த ‘வேண்டாதது வந்து சேர்ந்த’ தொனி இதிலும் பல சமயம் இருக்கும். எப்போதும் இல்லை, ‘காட் ப்ரமோட்டட்’ என்று நல்ல சேதியும் வரும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ‘ஐ காட் டு மீட் ஹர்’ என்றால் அவரைச் சந்திக்கக் கிடைத்தது, அதாவது அந்த வாய்ப்பு அமைந்தது. ‘பார்க்கக் கிடைத்தது’ என்று நாம் சொல்வதும் இதேதான். இரண்டு மொழியும் தனித்தனியாக நடந்து ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆனால் ‘ஐ ஹேவ் காட் டு மீட் ஹர்’ என்றால் சந்தித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாகிவிடும். பேச்சில் ‘ஐவ்’ என்று தேய்ந்து, காதுக்குத் தப்பிவிடும் அந்தச் சிறு ஒலியைக் கவனியுங்கள். பின்னால் வெறும் பெயர் வந்து ‘ஐவ் காட் டூ சாம்பிள்ஸ்’ என்றால் என்னிடம் இரண்டு சாம்பிள் இருக்கிறது, அவ்வளவே.

மற்றபடி சில தொடர்களை அப்படியே முழுசாக ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ‘ஐ வில் கெட் பேக் டு யூ’ என்றால் நேரில் திரும்பி வருவதல்ல, விசாரித்துப் பதில் சொல்கிறேன் என்பது. ‘கேன் யூ கெட் த டோர்?’ என்றால் கதவைத் திறக்கவோ சாத்தவோ கேட்கிறார்கள். ஃபோன் அடிக்கும்போது ‘ஐல் கெட் இட்’ என்றால் நான் எடுக்கிறேன். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆஃபீஸ்களில் பதில் போடுங்கள் என்பதற்கு ‘ரிவர்ட்’ என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. பழைய நிலைக்குத் திரும்புவது என்பதே அந்தச் சொல்லுக்கு வெளிநாட்டில் பலர் எடுக்கும் பொருள். ‘ப்ளீஸ் ரிப்ளை’ என்றே எழுதுங்கள்.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்த கதையும் சுருக்கமாக. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் ‘கெட்டா’ என்ற வினையிலிருந்து வந்தது இது. ‘ஃபர்கெட்’டுக்குள்ளும் இதன் உறவுச் சொல் ஒளிந்திருக்கிறது, பிடியை நழுவவிட்டால் மறதி. அமெரிக்கர்கள் ‘ஹேவ்’வோடு ‘காட்’டுக்குப் பதில் எழுதும் ‘காட்டன்’ (பருத்தி அல்ல) பிழையோ புதுசோ இல்லை. அது பழைய இங்கிலாந்து வடிவம். பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது, ‘ஃபர்காட்டன்’ மட்டும் இரண்டு நாட்டிலும் மிச்சம். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சு வழியே வந்த ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘அரைவ்’ போன்றவை எழுத்துக்கும் சபைக்கும் உரியவையாக அமர்ந்துகொண்டன; ‘கெட்’ வீட்டுப் பேச்சாகவே நின்றது. ஆகவே விண்ணப்பத்திலும் ஒப்பந்தக் கடிதத்திலும் ‘வீ ஹேவ் ரிசீவ்ட் யுவர் ஆர்டர்’ என்று எழுதுங்கள். தினசரி மெயிலில் ‘காட் இட், தேங்க்ஸ்’ தாராளமாகப் போதும்.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். வரும் மெயில்களில் ‘கெட்’, ‘காட்’ எங்கே தென்பட்டாலும், பதில் எழுதும் முன் பக்கத்தில் ஒரு தாளில் அதற்கான தமிழ் வினையை மட்டும் குறியுங்கள்: கிடை, ஆகு, சேர், வை, படு, புரி. எதிலும் அடங்காதது வந்தால் அந்தத் தொடர் முழுவதையும் எழுதி வைத்து மேனேஜரிடம் கேளுங்கள். அவமானப்படுத்தாமல், ‘அம்மா’ போட்டு எடுத்துச் சொன்ன மனிதர் அவர். நிச்சயம் சொல்லித் தருவார்.

அந்த பையர் இன்னொரு தடவை ‘ஐ டோன்ட் கெட் திஸ் காஸ்டிங்’ என்று எழுதினால் ஷீட்டை இணைக்க வேண்டாம். ‘விச் பார்ட் இஸ் நாட் கிளியர்?’ என்று முதல் வரியில் கேட்டுவிட்டு, அதன் கீழே நூல் விலை, நிட்டிங், டையிங், சிஎம்டி (வெட்டி, தைத்து, முடிக்கும் கூலி), ஆக்சஸரீஸ் என்று ஒவ்வொன்றையும் தனி வரியாகப் பிரித்துப் போட்டு அனுப்புங்கள்.