எண்ணே இல்லாத கிராஃப்

கேள்வி: எங்கள் ஆபீஸ் வாட்ஸப் குழுவில் தினமும் ஒரு கேலி கிராஃப் வருகிறது. ஒரு பக்கம் 'மீட்டிங் நீளம்', இன்னொரு பக்கம் 'உருப்படியான முடிவு', நடுவே சரிந்து விழும் ஒரு கோடு. எண்ணே கிடையாது. இதையெல்லாம் கிராஃப் என்று சொல்லலாமா? — டோம்பிவிலி வாசகர்

பதில்: தாராளமாகச் சொல்லலாம். எண் இல்லை என்பதா உங்கள் வருத்தம்? பிளஸ் டூ பொருளாதாரப் பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். தேவைக் கோடு இறங்கும், அளிப்புக் கோடு ஏறும், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலை. அங்கேயும் பெரும்பாலும் எண் இருக்காது. யாரும் சண்டைக்குப் போவதில்லை.

பட்டை கிராஃப் பிறந்ததே எண் பற்றாக்குறையில்தான். வில்லியம் பிளேஃபேர் 1786-இல் தன் வணிக அட்லஸில் நாடுகளின் ஏற்றுமதி, இறக்குமதியை வருடவாரியாகக் கோடு போட்டுக் காட்டினார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஒரே ஒரு வருடக் கணக்குதான் கையில் இருந்தது. ஒரு வருடத்தை வைத்துக் கோடு இழுக்க முடியாதே! அதனால் ஒவ்வொரு நாட்டோடும் நடந்த வியாபாரத்தைப் பட்டை பட்டையாக வரைந்தார்.

நான் பயப்படுவது எண் உள்ள கிராஃபுக்குத்தான். இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். போன வருடம் 96, இந்த வருடம் 98. வளர்ச்சி இரண்டு சதவீதம் சொச்சம். ஆனால் அடிக்கோட்டைச் சுழியில் வைக்காமல் 95-இல் வைத்துவிட்டால் இரண்டாவது பட்டை முதல் பட்டையைப் போல மூன்று மடங்கு உயரம்! மீட்டிங்கில் எல்லோரும் கை தட்டுகிறார்கள். எண் எல்லாம் சரி, படம் பச்சைப் பொய். உங்கள் குழுவில் வரும் சரிவுக் கோடு அப்படி யாரையும் ஏமாற்றவில்லை.

கேலி கிராஃபின் உயிர் அச்சுகளுக்கு வைக்கும் பெயரில் இருக்கிறது. எதை எதோடு சேர்த்துப் பார்ப்பது என்று கண்டுபிடிக்கிறவர்தான் கெட்டிக்காரர். ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் இதே வேலையை எவ்வளவு அழகாகச் செய்கிறார்கள் தெரியுமா? படுக்கைவாட்டில் நேரம், செங்குத்தாக ஸ்டேஷன்கள், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாய்கோடு. ஃபாஸ்ட் வண்டியின் கோடு செங்குத்தாகப் பாயும். வண்டி நின்றால் கோடு படுத்துவிடும்.

டோம்பிவிலியில் இருந்துகொண்டு நீங்கள் இந்தக் கேள்வி கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். தினமும் காலையில் மும்பை ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் ஒரு கிராஃபுக்குள்தானே பயணம் செய்கிறீர்கள்? படுக்கைவாட்டில் ஸ்டேஷன் பெயர்கள். செங்குத்தாக, நம் தொடையில் எவ்வளவு சீட்டின் மேல் இருக்கிறது என்ற அளவு. டோம்பிவிலியில் சுழி, நிற்கிறோம். தாணேயில் ஒருவர் மனமிரங்கி நகர்ந்து, மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவது சீட் தருகிறார். கால் பங்கு தொடை பலகையில், மிச்சம் அந்தரத்தில். பை மடியில், ஒரு கால் நடைவழியில் ஊன்றியபடி. முலுண்ட், பாண்டுப் வழியெல்லாம் கோடு அதே கால் பங்கிலேயே ஓடும். காட்கோபரில் மெட்ரோவுக்கு மாறுகிறவர்கள் இறங்கியதும் கோடு ஒரே தாவாக உச்சிக்குப் போகும். முழுத் தொடையும் சீட்டில், முதுகும் சாய்ந்துவிட்டது! குர்லா வருகிறது, மறுபடி சுழி. தாதரில் இறங்க வேண்டியவர் இப்போதே எழுந்து கதவுப் பக்கம் போகாவிட்டால் பைகுல்லாவில்தான் இறங்க முடியும்.

இதை யாராவது ஒழுங்காக வரைந்து அனுப்புங்கள். இரண்டு அச்சுக்கும் பெயர் எழுதியிருந்தால் அடுத்த இதழில் முழுப் பக்கம் தருகிறேன்.