உராய்வில்லாத ஊசலின் வீச்சு ஏன் கூடுகிறது?

கேள்வி: மாணவர்களுக்காகத் தனி ஊசலை ஜாவாஸ்கிரிப்ட்டில் அமைத்தேன். நீளம் 1 மீட்டர், தொடக்கக் கோணம் 10 டிகிரி. உராய்வு சேர்க்கவில்லை, ஆனால் வீச்சு கூடிக்கொண்டே போகிறது. பிழை எங்கே?

பதில்: கணக்கின் வரிசையில். பழைய கோணத் திசைவேகத்தை வைத்துக் கோணத்தை நகர்த்திவிட்டு, பிறகு வேகத்தை மாற்றியிருப்பீர்கள். இது ஆய்லர் முறை. ஒவ்வோர் அடியிலும் (அதாவது, ஒருமுறை கணக்கிட்டு முன்னேறும் சிறு கால இடைவெளியிலும்) ஊசலுக்குச் சிறிது ஆற்றலைக் கூட்டிவிடும். நொடிக்கு 60 அடி என்றால், வீச்சு நொடிக்குச் சுமார் 8.5 சதவீதம் ஏறும். 10 நொடியில் இரண்டு மடங்கைத் தாண்டும்.

முதலில் முடுக்கத்தைக் கண்டு வேகத்தை மாற்றுங்கள். அந்தப் புதிய வேகத்தால் கோணத்தை நகர்த்துங்கள். இரண்டு வரிகள் இடம் மாறினால் போதும், வீச்சு நிலைக்கும். பலர் இங்கே கொஞ்சம் உராய்வைச் சேர்த்து ஏற்றத்தை மறைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், திரையில் தெரிவதைத்தான் பிள்ளைகள் இயற்கை என்று நம்புவார்கள்.

சரிபார்க்க அலைவு நேரத்தை அளந்து பாருங்கள். 10 டிகிரியில் 2.01 நொடி, 60 டிகிரியில் 2.15 நொடி வர வேண்டும். 60 டிகிரியிலும் 2.01 வந்தால், முடுக்கச் சூத்திரத்தில் கோணத்தின் சைன் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோணம் இருக்கிறது. 10 டிகிரியிலேயே ஊசல் தாறுமாறாக ஆடினால், சைனுக்கு ரேடியனுக்குப் பதில் டிகிரியைக் கொடுத்திருக்கிறீர்கள்.

கேள்வி: அதே ஊசல் சில கைப்பேசிகளில் இரு மடங்கு வேகமாக ஆடுகிறதே?

பதில்: அசைவை வரையப் பயன்படும் பிரவுசர் கட்டளையான ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம், திரை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் ஓடும். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு எழுதியது 120 ஹெர்ட்ஸ் திரையில் இரட்டிப்பாகும். அது தரும் நேரமுத்திரையிலிருந்து முந்தைய நேரமுத்திரையைக் கழித்து, இடையில் கடந்த நேரத்தை ஒரு மாறியில் சேர்த்து வையுங்கள். சேர்ந்ததை 1/240 நொடி அடிகளாக எடுத்துக் கணக்கிடுங்கள். மீதியை அடுத்த முறைக்கு விடுங்கள். வேறு டேபுக்குப் போனால் இந்த ஓட்டம் நின்றுவிடும். திரும்பும்போது பல நொடிகள் ஒரேயடியாக வந்து சேரும். ஆகவே ஒரு முறைக்கு 0.1 நொடிக்கு மேல் ஏற்காதீர்கள்.

கேள்வி: இணையமில்லாத பள்ளிக்குப் பென் டிரைவில் கொடுத்தேன். குரோமில் வெள்ளைத் திரைதான் வருகிறது.

பதில்: ஸ்கிரிப்ட்டை மாட்யூலாக (type="module" என்று குறித்து) தனிக் கோப்பில் வைத்திருந்தால் அதுவே காரணம். பக்கத்தை நேரடியாகத் திறக்கும்போது அதைப் பிரவுசர் தடுத்துவிடும். ஸ்கிரிப்ட், படம், எழுத்துரு எல்லாவற்றையும் ஒரே எச்டிஎம்எல் கோப்புக்குள் வைத்துவிடுங்கள். இணையத்திலிருந்து இழுக்கும் நூலகங்களையும் அதிலேயே சேருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பார்த்த பின் கொடுங்கள்.