மல்லாவி அக்காவுக்கு: பூப்பந்தா, படிப்பா?

அக்கா, பூப்பந்து (பட்மின்டன்) இரட்டையர் ஆடும் மகளைப் பற்றி நீங்கள் மூன்று பந்தி எழுதியிருந்தாலும் கடைசி வரிதான் கேள்வி: பூப்பந்து அடித்து இவள் சோறு தின்பாளா? இலங்கையில் இரட்டையர் ஆட்டத்தை மட்டும் நம்பி வீடு கட்டலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்காகப் பத்தாம் ஆண்டிலேயே றக்கற்றைப் பறித்து அலுமாரிக்கு மேல் போடச் சொல்லவும் மாட்டேன்.

இந்தோனேசியாவின் இரட்டையர் வீராங்கனை கிரேசியா போலியைப் பாருங்கள். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வேண்டுமென்றே தோற்கப் பார்த்தார்கள் என்று நான்கு சோடிகளை வெளியேற்றினார்களே, அதில் இவருடைய சோடியும் ஒன்று. 2014 இல் வேறொருவருடன் ஆசிய விளையாட்டில் தங்கம், பிறகு அந்த மற்றவருக்குக் காயம். முப்பதை நெருங்கி, சரி போதும் என்றிருந்தவரைப் பயிற்சியாளர் மறித்து அப்ரியானி ரஹாயு என்ற பிள்ளையோடு சேர்த்துவிட்டார். தலைநகரில் இருந்து வெகு தொலைவில், சுலவேசித் தீவில் பிறந்தவள், கிரேசியாவை விடப் பத்து வயது இளையவள். 2021 ஓகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் சீனச் சோடியை 21-19, 21-15 என்று வென்றார்கள். அந்த இறுதி ஆட்டத்தில், பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே கிரேசியாவின் றக்கற் நரம்பு அறுந்தது. அவர் ஓரத்துக்கு ஓடி வேறு றக்கற் எடுத்து வரும்வரை அப்ரியானி தனியாகவே தாக்குப்பிடித்தார். கிரேசியாவுக்கு 34 வயதாக அப்போது ஒன்பது நாள்தான் இருந்தது.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், இரட்டையர் ஆட்டத்தில் பிள்ளையின் திறமையில் பாதி இன்னொரு வீட்டில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சோடி மாகாண மட்டம் வரை போனது. ஒருத்தியின் குடும்பம் கொழும்புக்குப் போக, மற்றவள் ஆறு மாதம் சுவரோடு அடித்துவிட்டு விளையாட்டையே விட்டாள். அவளுக்கு வேறு சோடி தேட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மகள் இப்போது வலய மட்டத்தில் வென்றிருக்கிறாள், நல்லது. ஆனால் தேசிய மட்டச் சான்றிதழ்தான் கதவைத் தட்டும். விளையாட்டில் அந்த அளவுக்குச் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விசேட அனுமதி இருக்கிறது, அதற்கும் உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைய வேண்டும். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கலாம். உங்கள் முல்லைத்தீவுக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடு இருப்பதை நம்பி யாரும் சாய்ந்து இருந்துவிடக் கூடாது, அதற்குள்ளும் உயர்தரப் பெறுபேற்றை வைத்துக் கணிக்கும் இசட் புள்ளிப் போட்டிதான். ஆகவே சாதாரண தரப் பரீட்சைக்கு முந்தைய மூன்று மாதம் பயிற்சியைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

வெளி மைதானத்தில் சோளகம் வீசும்போது பந்து போகிற இடம் பந்துக்கே தெரியாது. விடிய ஐந்தரைக்குக் காற்று எழும்ப முன் அரை மணித்தியாலம் சேர்வ் மட்டும் போடட்டும்: வலைக்கு மேலே ஒரு சாண் விட்டுக் கயிறு கட்டி, இரண்டுக்கும் இடையால் பந்து போக வேண்டும். இரட்டையரில் முக்கால்வாசிப் புள்ளி அந்த முதல் இரண்டு மூன்று அடியிலேயே தீர்மானமாகிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், அவளோடு விளையாடும் பிள்ளையின் அம்மாவை இந்தக் கிழமைக்குள் போய்ப் பாருங்கள். அவர்கள் வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எனக்கு எழுதுங்கள்.