வீட்டுக்காரரின் கவுட் மாத்திரை எனக்கும் ஆகுமா?

கேள்வி: வயது 59. மூன்று நாளாக இடது கணுக்கால் வீங்கிச் சிவந்து, சேலை பட்டாலே உயிர் போகிறது. விரல் நுனிக் கணு ஒன்றும் வலிக்கிறது. யூரிக் ஆசிட் 6.3. பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு 44 வயதில் கால் பெருவிரலில் கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வாதம்) வந்தது. "அது ஆம்பளைங்க வியாதி, உனக்கு ஃப்ளோரைடு தண்ணி" என்கிறார்கள். அவருடைய அலோபூரினாலை நானும் போடலாமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: போடாதீர்கள். அந்த மாத்திரை இன்றைய வலியைக் குறைக்காது. 100 மி.கி.யில், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு 50-இல் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை ஏற்ற வேண்டிய மருந்து அது. எடுத்த எடுப்பில் அவருடைய அளவைப் போட்டால் தோலில் கடுமையான அலர்ஜி வரும் ஆபத்து கூடும்.

நம் மாவட்டத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு உண்டுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காக. ஆனால் அந்த வலி கழுத்து, முதுகு, இடுப்பு என்று வருஷக்கணக்கில் இறுகி வரும். ராத்திரியோடு ராத்திரியாக ஒரே மூட்டு நெருப்பாய்க் கொதிக்காது. கவுட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கூடவே காய்ச்சலும் குளிரும் இருந்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டு நீரை ஊசியில் எடுத்துப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரியும்.

பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை சிறுநீரகம் யூரிக் ஆசிட்டை நன்றாக வெளியேற்றும். மாதவிடாய் நின்றபின் அந்தக் காவல் போய்விடும். அதனால்தான் பெண்களுக்கு கவுட் ஆண்களைவிடச் சுமார் பத்து வருஷம் தள்ளி வருகிறது. பெருவிரலோடு நிற்காமல் கணுக்கால், முழங்கால், கைவிரல் என்று பிடிக்கும். ஏற்கெனவே தேய்ந்த விரல் கணுக்களில் யூரிக் ஆசிட் உப்பு படியும். "தேய்மானம்தான்" என்று தைலத்தோடு அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் பிபி மாத்திரை மேல்தான். அட்டையின் பின்பக்கம் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று இருந்தால், சிறுநீரை அதிகப்படுத்தும் அந்த மருந்தே யூரிக் ஆசிட்டைத் தேக்கும். பல பிராண்டுகளில் பெயரை ஒட்டி 'ஹெச்' என்ற எழுத்து இருக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். லோசார்ட்டான் என்ற பிபி மாத்திரை யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் இறக்கவும் செய்யும்.

6.3 என்பதை நம்பி உட்கார வேண்டாம். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அளவு குறைவாகக் காட்டலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் சேர்த்து. அலோபூரினால் போன்ற தொடர் மருந்து தொடங்கினால், ஆணுக்கும் பெண்ணுக்கும் இலக்கு 6-க்குக் கீழ்தான்.

இப்போதைக்குக் காலை உயரமாக வைத்து, துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிஷம் வையுங்கள். மெடிக்கலில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள், அது பிபியை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலியை அடக்கக் கோல்ச்சிசின் மாத்திரையோ ஸ்டீராய்டோ எது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

களி, கொள்ளு, துவரை, கீரை எதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஈரலையும் குடலையும் விடுங்கள். மாம்பழம் இரண்டு துண்டு பரவாயில்லை. பாட்டிலில் வரும் இனிப்பு மாம்பழ ஜூஸ் வேண்டாம். பீரை விட வேண்டியது உங்கள் வீட்டுக்காரர், குடிப்பவராக இருந்தால்.