அடிகள் எங்கே வீணாகின்றன? கோல்ஃப் கேள்வி பதில்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கோல்ஃப் ஆடும் நம் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறேன். நான் தொழில்முறைப் பயிற்றுநன் அல்லன். ஒற்றை இலக்க ஹேண்டிகேப்புடன் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்; சிறிதாக இருந்தால் நல்லது) நெடுங்காலமாக ஆடி வரும் சாதாரண உறுப்பினன். முதுகுவலி, முழங்கை வலி பற்றி வந்த கேள்விகளை மருத்துவருக்கே விட்டுவிட்டேன். கை சார்ந்த குறிப்புகள் யாவும் வலக்கை ஆட்டக்காரருக்கு எழுதப்பட்டவை; இடக்கை அன்பர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

கேள்வி (செராஸ்): ஐயா, நான்கு ஆண்டுகளாக ஆடுகிறேன், ஒரு சுற்றை 100 அடிகளுக்குள் ஒருமுறைகூட முடித்ததில்லை. வாரந்தோறும் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) இரண்டு கூடை பந்து அடிக்கிறேன். காணொளிகளைப் பார்த்துச் சுவிங்கையும் (மட்டை சுழற்றும் முறையையும்) பலமுறை மாற்றிவிட்டேன். எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: சுவிங்கை இப்போதைக்குத் தொடாதீர்கள், அடிகள் எங்கே வீணாகின்றன என்று முதலில் கணக்கெடுங்கள். பார் 72 உள்ள (பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்து 72 அடி என்று வகுத்த) திடலில் ஒன்பது குழிகளைப் போகியாகவும் (பாரைவிட ஓர் அடி கூடுதல்) மற்ற ஒன்பதை இரட்டைப் போகியாகவும் (இரண்டு அடி கூடுதல்) முடித்தால் மொத்தம் 99தான் வரும். ஒரு குழியில்கூடப் பார் எடுக்காதவரும் 100-க்குள் முடிக்கலாம் என்பதே இதன் பொருள். ஆகவே உங்களைத் தடுத்து நிறுத்துவது சுவிங்கின் அழகின்மை அன்று; கார்டில் எட்டும் ஒன்பதும் எழுத நேரும் அந்த நான்கைந்து குழிகளே.

அடுத்த சில சுற்றுகளில் ஸ்கோர் கார்டின் ஓரத்தில் ஒவ்வொரு குழிக்கும் நான்கு செய்திகளைக் குறித்து வாருங்கள். பெனால்டி (தண்டனை அடி) விழுந்ததா? கிரீன் (குழி இருக்கும் குறும்புல் பரப்பு) அருகே ஒரு சிப் (பந்தைச் சற்றே தூக்கிவிடும் சிறு அடி) போதுமான இடத்தில் இரண்டு தேவைப்பட்டதா? கிரீனில் மூன்று பட் (பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) ஆயிற்றா? மரங்களுக்குள் போன பந்தைப் பக்கவாட்டில் ஃபேர்வே எனும் வெட்டிய புல்வழிக்குத் தள்ளாமல், இடுக்கு வழியே கிரீனை நோக்கி அடிக்கத் துணிந்தீர்களா? இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் சுவிங்தான் குற்றவாளி என்று தோன்றினால் மறுபடியும் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலோருக்கு முதல் கேள்வியும் நான்காம் கேள்வியும்தான் பதில் சொல்லிவிடுகின்றன.

பட்டிங்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது என்று கிளப்பில் மூத்தவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரர்களின் அடிகளையும் அமெச்சூர்களின் அடிகளையும் ஒன்றொன்றாக ஆராய்ந்து, திறமையானவருக்கும் சுமாரானவருக்கும் இடையிலான வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில்தான் உண்டாகிறது என்று காட்டியிருக்கிறார். டீயிலிருந்து (குழியின் முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) அடித்த பந்து ஆட்டத்தில் இருக்க வேண்டும். அதன் பிறகே மற்றவை.

கேள்வி (பெட்டாலிங் ஜெயா): என் டிரைவர் (நெடுந்தூரம் அடிக்கும் மட்டை) அடி எப்போதும் வலப்பக்கம் வளைந்து போகிறது. அதற்காக இடப்பக்கம் நோக்கி நிற்கத் தொடங்கினேன். வளைவு இன்னும் அதிகமாகிவிட்டது. என் கணவருடைய 9 பாகை டிரைவரைப் பயன்படுத்துகிறேன்.

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி மூன்று வாக்கியங்களிலேயே காரணமும் இருக்கிறது, அம்மா. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடிபடும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசை. பந்து எந்தப் பக்கம், எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிப்பதோ, அந்த முகத்துக்கும் மட்டை பயணம் செய்யும் பாதைக்கும் இடையிலான கோணம். முகம் பாதையைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். நீங்கள் உடலை இடப்பக்கம் திருப்பி நின்றதும் மட்டையின் பாதையும் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் முகமோ பழையபடியே இலக்கைப் பார்க்கிறது. கோணம் கூடியது, வளைவும் கூடியது.

முதலில் பிடியைத் திருத்துங்கள். குனிந்து பார்க்கும்போது இடக்கையின் இரண்டு அல்லது மூன்று விரல் மூட்டுகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் முகம் திறப்பதற்கு அதுவே போதும். அடுத்து, பாதங்கள் நேராக இருந்தும் தோள்கள் இடப்பக்கம் திரும்பியிருப்பது பலரிடம் காணும் குறை. டிரைவரில் பந்தை முன்னால் வைப்பதால் வலத்தோள் தானாக வெளியே வந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, மார்பின் குறுக்கே ஒரு மட்டையைப் பிடித்துச் சரிபாருங்கள். 7-ஆம் எண் அயர்னால் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்பு மட்டை) அரைச் சுவிங்கில் பந்தை இடப்பக்கம் வளைக்கக் கற்ற பிறகே டிரைவரை எடுங்கள். கணவரின் டிரைவரை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. லாஃப்ட் (மட்டை முகத்தின் சாய்வுக் கோணம்) குறைந்தால் வளைவு அதிகமாகும். 12 பாகைக்கு அருகில் உள்ள ஒன்று உங்களுக்கு நேராகவும், பெரும்பாலும் தூரமாகவும் போகும்.

கேள்வி (சுபாங்): ரேஞ்சில் அருமையாக அடிக்கிறேன்; திடலில் அந்த அடி வருவதில்லை. மனப் பிரச்சினையா?

பதில்: ரேஞ்சில் விரித்திருக்கும் செயற்கைப் பாய்தான் பிரச்சினை. பந்துக்குப் பின்னால் பாயில் விழும் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தையும் அடித்துவிடுவதால், கனத்த அடிகூட உங்களுக்கு நல்ல அடியாகத் தெரிகிறது. மழை பெய்த மறுநாள் ஈர மண் அந்தச் சலுகையைத் தருவதில்லை. ஒரே அயர்னால் முப்பது பந்தைத் தொடர்ந்து அடிக்காமல், பந்துக்குப் பந்து மட்டையையும் இலக்கையும் மாற்றி, திடலில் செய்வதுபோலவே பின்னால் நின்று பார்த்துவிட்டு அடியுங்கள். பயிற்சி அலங்கோலமாகத் தெரியும். பலன் அதில்தான் இருக்கிறது.

கேள்வி (பினாங்கு): புக்கிட் ஜம்புல் மேடு பள்ளத்தில் சமதரையே கிடைப்பதில்லை. சரிவில் நின்று அடிக்கும்போது திசையும் தூரமும் கைக்கு வருவதில்லை, ஐயா.

பதில்: பாதங்களைவிடப் பந்து உயரத்தில் இருந்தால் அது இடப்பக்கம் போகும், தாழ்வில் இருந்தால் வலப்பக்கம் போகும். இதற்காகச் சுவிங்கை மாற்ற வேண்டாம், குறியை மட்டும் மாற்றுங்கள். ஏற்றத்தில் பந்து உயர எழுந்து குறைவாகப் போவதால், வழக்கத்தைவிட ஒரு படி கூடுதல் தூரம் போகும் மட்டையை எடுங்கள். இறக்கத்தில் தோள்களைச் சரிவுக்கு இணையாக வைத்து, பந்தைத் தூக்கிவிட முயலாமல் சரிவோடு அடியுங்கள். கிரீன் தாழ்வில் இருந்தால், உயர வேறுபாட்டில் ஒவ்வொரு மீட்டருக்கும் தூரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டரைக் கழிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சரிவில் முக்கால் பலத்துக்கு மேல் சுழற்றக் கூடாது. சமநிலை போனால் எந்தக் கணக்கும் உதவாது.

கேள்வி (கிள்ளான்): காணொளியில் 7-ஆம் அயர்னுக்கு 150 என்கிறார்கள். எனக்கு 135தான் வருகிறது.

பதில்: அவர்கள் சொல்வது யார்டு, நம் திடல்கள் பலவற்றில் பலகையும் கார்டும் மீட்டரில் இருக்கின்றன. 150 யார்டு என்பது 137 மீட்டர். உங்கள் அடியில் குறை ஏதும் இல்லை.

கேள்வி (பூச்சோங், செந்தூல் அன்பர்கள் இருவர்): கிரீனுக்கு வெளியே கவ் கிராஸில் சிப் செய்தால் மட்டை தரையில் மாட்டிக்கொள்கிறது. பந்தை உருட்டிவிடப் பார்த்தால் கிரீனை எட்டுவதற்குள் நின்றுவிடுகிறது.

பதில்: வெளிநாட்டுக் காணொளிகள் நமக்குச் சரிவரப் பயன்படாத இடம் இதுதான். கவ் கிராஸ் அகன்ற இலையும் தரையோடு படரும் தண்டும் கொண்டது. நன்கு வெட்டிய இடத்திலும் பந்து இலைகளுக்கு நடுவே சற்றே அமிழ்ந்து கிடக்கும். பெர்முடா, சோய்சியா புல்வகைகளில் நிற்பதுபோல் நிமிர்ந்து நிற்காது. கைகளை மிகவும் முன்னால் தள்ளி, பந்தைப் பின்னால் வைத்து அடிக்கும் பழக்கம் இருந்தால், மட்டையின் கூரிய முன்விளிம்பு ஈர மண்ணில் மண்வெட்டிபோல் இறங்கிவிடும். எடையை முன்காலில் வைத்து, பந்தைப் பாதங்களின் நடுவில் வைத்து, மட்டையின் தண்டை ஏறக்குறைய செங்குத்தாகப் பிடியுங்கள். அப்போது சேண்ட் வெட்ஜ் என்ற சாய்முக மட்டையின் அடிப்பாகம் தரையில் படிந்து வழுக்கும். மார்பு சுழல்வதை நடுவில் நிறுத்திவிட்டுக் கையால் மட்டும் தட்டுவதே பெரும்பாலான கனத்த சிப்புகளுக்குக் காரணம்.

உருட்டுவதைப் பொறுத்தவரை, அகன்ற இலைகள் பந்தின் வேகத்தை விழுங்கிவிடும். ஆகவே பந்து முதலில் விழ வேண்டிய இடம் எப்போதும் கிரீனுக்குள்ளேயே இருக்கட்டும். ஓரத்தில் விழுந்து ஓடட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மணற்பள்ளமான பங்கரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். உலர்ந்த மணலில் முகத்தைத் திறந்து, பந்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் பின்னால் மணலை அடிப்பது சரியே. மழையில் இறுகிய மணலில் அப்படித் திறந்தால் மட்டை மேலே துள்ளிப் பந்தின் நடுவில் பட்டுவிடும். முகத்தை நேராக்கி, சற்றே குறைந்த பலத்தில் அடியுங்கள்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): என் ஹேண்டிகேப் 22. ஆனால் அதற்கேற்ற ஸ்கோர் எப்போதாவதுதான் வருகிறது. கணக்கில் பிழையா?

பதில்: பிழை இல்லை. 2020 முதல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8 மட்டுமே சராசரிக்கு எடுக்கப்படுகின்றன. அது உங்கள் வழக்கமான ஆட்டத்தை அல்ல, நன்றாக ஆடும் நாளின் திறனையே காட்டுகிறது. நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை அந்த எண்ணை எட்டினாலே நீங்கள் சரியாக ஆடுகிறீர்கள். நல்ல ஸ்கோரை மட்டும் பதிவு செய்பவர்களும், போட்டிப் பரிசுக்காக மோசமானதை மட்டும் பதிவு செய்பவர்களும் நம்மிடையே உண்டு. இருவருமே தம் முன்னேற்றத்தை அளக்கும் கருவியைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி (ஷா ஆலம்): ஃபேர்வேயில் பந்து மண்ணில் புதைந்துவிட்டால் அப்படியே அடிக்க வேண்டும் என்று நண்பர் சொல்கிறார். தொலைந்த பந்தை எவ்வளவு நேரம் தேடலாம்?

பதில்: 2019 விதிகளின்படி, தான் விழுந்து உண்டாக்கிய பள்ளத்திலேயே புதைந்த பந்துக்கு ஃபேர்வேயில் மட்டுமன்றி ரஃப்பிலும் (ஓரத்து நெடும்புல்லிலும்) பெனால்டி இன்றி விலக்கு (பந்தை எடுத்துப் போட்டு ஆடும் உரிமை) உண்டு, பங்கரிலும் பெனால்டி ஏரியாவிலும் (குளம், ஓடை போன்ற பகுதிகளிலும்) இல்லை. முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். தேடும் நேரம் 5 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. பந்து தொலைந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் டீயை விட்டு நகரும் முன், புரொவிஷனல் (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இரண்டாவது பந்தை அடித்துவிடுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): புதிய அயர்ன் செட் வாங்கலாமா, பயிற்றுநரிடம் போகலாமா? பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

பதில்: பயிற்றுநரிடம் போங்கள். மிஞ்சும் தொகையில் பழைய மட்டைகளின் பிடியுறைகளை மாற்றுங்கள். நம் வெயிலிலும் வியர்வையிலும் அவை விரைவில் கெட்டிப்பட்டு வழுக்கத் தொடங்கும். வழுக்கும் பிடியை நம்பாத கை தானாக இறுகும், இறுகிய கை சுவிங்கைக் கெடுக்கும்.

கேள்வி (ஜார்ஜ் டவுன்): மூன்று பட் ஆவதை எப்படிக் குறைப்பது? எட்டடி தூரத்துப் பட் தவறும்போது எரிச்சலாக இருக்கிறது.

பதில்: எட்டடி தூரத்திலிருந்து அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே ஏறக்குறைய பாதி முறைதான் பந்தைக் குழியில் போடுகிறார்கள், ஆகவே அந்த எரிச்சலை விட்டுவிடலாம். மூன்று பட் உண்டாவது அங்கே அல்ல. பத்து மீட்டருக்கு அப்பாலிருந்து அடித்த முதல் பட் இரண்டு மீட்டர் குறைவாகவோ கூடுதலாகவோ போய் நிற்பதில்தான்.

நம் பெர்முடா கிரீன்களில் வேகத்தைக் கணிக்க, புல் சாய்ந்திருக்கும் திசையையும் பார்க்க வேண்டும். உங்கள் பக்கமிருந்து பார்க்கும்போது புல் பளபளப்பாகத் தெரிந்தால் அது குழியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருமையாகத் தெரிந்தால் எதிர்த்திசை, பந்து தயங்கும். குழியின் விளிம்பில் எந்தப் பக்கம் புல் பிசிறாகக் காய்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் நோக்கியே புல் வளர்கிறது. மாலையில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். காலையில் அடித்த அதே பலம் அப்போது போதாது.

சுற்றைத் தொடங்கும் முன் பயிற்சிக் கிரீனில் குழியை நோக்கி அடிக்காமல், ஐந்து, பத்து, பதினைந்து மீட்டர் தூரத்தில் மூன்று டீக்களை (பந்தைத் தாங்கும் சிறு முளைகளை) குத்திவைத்து, அவற்றை மாற்றி மாற்றிக் குறிவையுங்கள். பந்து டீயைத் தொட வேண்டியதில்லை. ஒரு மட்டை நீளத்துக்குள் நின்றால் போதும்.