எம்வி – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

லினக்ஸுக்கு மாறி இரண்டு மாதம். நானூறு போட்டோக்களின் பின்னொட்டை ஜேபிஇஜியிலிருந்து ஜேபிஜி ஆக்க, பெயர்களுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டு, எம்வி என்கிற நகர்த்தும் கட்டளையைக் கொடுத்தேன். 'டைரக்டரி (ஃபோல்டர்) இல்லை' என்கிறது. பழைய டாஸில் ரென் என்கிற பெயர் மாற்றும் கட்டளை, நட்சத்திரம் போட்டால் இப்படிப்பட்ட வேலையை அனாயாசமாகச் செய்யும் என்கிறார் அப்பா. பெயர் மாற்ற, நகர்த்துகிற கட்டளையையே கொடுத்திருப்பது சோம்பேறித்தனம் இல்லையா?

ம.

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பா சொன்னது சரி. ரென் நட்சத்திரத்தைத் தானே படிக்கும். இங்கே ஷெல், அதாவது நாம் தட்டும் கட்டளையைப் படிக்கும் நிரல், முந்திக்கொண்டு அதை நானூறு பெயராக விரித்து எம்வியிடம் நீட்டிவிடும். அத்தனை பெயர் வந்தால் கடைசியில் நிற்பது டைரக்டரியாக இருக்க வேண்டும். ஃபார் லூப் போட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ரீநேம் கட்டளையை எங்கிருந்தோ எடுத்து ஒட்டாதீர்கள். டெபியன் லினக்ஸில் இருப்பது ஒன்று, ஃபெடோரா லினக்ஸில் இருப்பது வேறு.

சோம்பேறித்தனமாம்! 1971இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே எம்வி இருக்கிறது. கோப்பின் பெயர் கோப்புக்குள் இல்லை, தம்பி. டைரக்டரி என்பது ஒரு பேரேடு. இன்ன பெயருக்கு இன்ன ஐநோட் எண் (கோப்பின் அடையாள எண்) என்று வரிவரியாக இருக்கும். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள், அதாவது டிஸ்கின் ஒரே பகுதிக்குள், பெயரை மாற்றினாலும் இடத்தை மாற்றினாலும் திருத்துவது அந்த வரியைத்தான். நாலு ஜிபி வீடியோவானாலும் உள்ளே ஒரு பைட் அசையாது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை ஹைஃபன் ஐ சேர்த்துக் கொடுத்து முன்னும் பின்னும் எண்ணைப் பாருங்கள், அதேதான் இருக்கும். பென்டிரைவுக்கு அனுப்பும்போது மட்டும் காப்பி எடுத்துவிட்டுப் பழையதை அழிக்கிறது. ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு கட்டளை?

அந்த ஒரு வரியில்தான் நான் ஒரு முறை மாட்டினேன். என் அப்பா தன் கதையைச் சொல்லச் சொல்ல இரண்டு கோப்பாகத் தட்டி வைத்திருந்தேன். டைரக்டரியில் வேறு எதுவும் இல்லை. எம்வி, ஒரு நட்சத்திரம். எங்கே நகர்த்துவது என்று எழுதுவதற்குள் விரல் என்டரில் பட்டுவிட்டது. ஷெல் இரண்டு பெயரையும் கொடுத்தது. முதல் பாகம் இரண்டாம் பாகத்தின் பெயரில் போய் உட்கார்ந்தது. இரண்டாம் பாகம் இல்லை. எம்வி மூச்சுவிடவில்லை. எம்வியோடு ஹைஃபன் ஐ போட்டிருந்தால் 'மேலெழுதவா?' என்றாவது கேட்டிருக்கும்.

போனது கல்யாணத்துக்குப் பிந்தைய கதை. "நான் வர்ற பாகம் எங்கடி?" என்றாள் அம்மா. அப்பா மறுபடி சொன்னார். முதல் தடவை அம்மாவுக்கு ஏழு பக்கம். இரண்டாம் தடவை அரைப் பக்கம். அந்த ஏழு பக்கத்தில் என்ன இருந்தது என்று அம்மா இன்னும் கேட்கிறாள்.

போட்டோக்களை முதலில் வேறு டிஸ்கில் காப்பி எடுத்து வையுங்கள். இன்றைக்கே.