இசைத்தட்டு கழுவ அல்ட்ராசோனிக் மெஷின் வாங்கலாமா?

தாத்தா வீட்டு மச்சில் கிடந்த இருநூறு தட்டுகள் கைக்கு வந்திருக்கின்றன, எல்.பி. என்ற பெரிய தட்டும் ஈ.பி. என்ற சின்னத் தட்டுமாக, நடுவில் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகளும் சில உண்டு, குழாய்த் தண்ணீரில் கழுவியும் பொரிகிற சத்தம் போகவில்லை, ஒலி அதிர்வால் தண்ணீரில் கழுவும் அல்ட்ராசோனிக் மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இப்போது அது வேண்டாம். அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிற வேக்குவம் மெஷினைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

எங்கள் பெரியப்பா வள்ளியூர் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். கோவில் கொடைத் திருவிழா, சடங்கு வீடு, கல்யாண வீடு என்று அவருடைய தட்டுகள் போகாத ஊர் கிடையாது. பந்தலுக்குப் பக்கத்தில் மண்தரையிலேயே பெட்டியைத் திறந்து வைத்து விடியவிடியப் போடுவார்கள், ஆடிக் காற்றில் செம்மண் பறக்கும், சாம்பிராணிப் புகையும் கை எண்ணெயும் சேர்ந்து அந்தத் தூசி தட்டில் ஊசி ஓடும் கோட்டுக்குள் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் பல மழைக்காலத்துப் பூஞ்சை. அவர் விட்டுப்போன தட்டுகளைக் கழுவித்தான் நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

தட்டில் உள்ள கோடு ஒரு தலைமுடி அகலம்தான் இருக்கும். எல்.பி.யின் ஒரு பக்கத்துக் கோட்டை மட்டும் இழுத்து நீட்டினால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் வரும். கழுவும்போது அழுக்கு இளகித் தண்ணீரில் கலக்கிறது, சரி, ஆனால் அந்தத் தண்ணீர் அங்கேயே காய்ந்தால் அழுக்கும் திரும்ப அதே கோட்டின் அடியில் போய்ப் படிந்துவிடும். துணியால் துடைத்தால் மேலே நிற்கும் தண்ணீர்தான் போகும். உங்களுக்கு நடந்தது இதுதான். ஓக்கி நோக்கி, புரோஜெக்ட் போன்ற வேக்குவம் மெஷின்களில் தட்டைச் சுழலவிட்டு, திரவம் ஊற்றி, பிரஷால் தேய்த்து, வெல்வெட் ஒட்டிய குழாயால் அப்படியே உறிஞ்சி எடுத்துவிடலாம். இரண்டு சுற்று போதும், காய்ந்த பிறகும் உறிஞ்சினால் தட்டில் நிலைமின்சாரம் ஏறி தூசியை இழுக்கும். சத்தம் பலமாக இருக்கும், மதியம் தூங்குகிறவர்கள் வீட்டில் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பின் கிளீன் மாதிரி கையால் சுற்றும் தொட்டி மலிவு. ஆனால் நம் ஊர்த் தட்டுகளில் பத்தைக் கழுவியதும் தண்ணீர் கலங்கிவிடும், பதினோராவது தட்டு அந்தக் கலங்கலில்தான் குளிக்கும்.

அல்ட்ராசோனிக்கில் நுண்ணிய குமிழிகள் வெடித்து அழுக்கைக் கிளப்புகின்றன. ஹம்மின்குரு என்ற மெஷின் 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் வேலை செய்கிறது, டிகிரிட்டர் என்ற மெஷின் 120 கிலோஹெர்ட்ஸில், விலையும் அதற்கேற்ப எங்கோ போய்விடும். ஏற்கெனவே ஓரளவு சுத்தமான தட்டுக்கு அது அருமையான வேலை செய்யும். எண்ணெய்ப் பிசுக்கும் பூஞ்சையும் இருந்தால் முதலில் கையால் தேய்த்தே ஆக வேண்டும். சாதாரண அல்ட்ராசோனிக் ஸ்டீல் தொட்டி வாங்கித் தட்டைச் சுழலவிடுகிறவர்கள் ஹீட்டரைப் போடாதீர்கள், நம் சித்திரை வெயிலில் தண்ணீர் தானாகவே சூடாகும், சூட்டில் வினைல் வளைந்துவிடும்.

மெஷினை விடத் தண்ணீர்தான் முக்கியம் என்று கூடச் சொல்வேன். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் காய்ந்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு தட்டின் கோட்டிலும் படியும். தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் தட்டுக்கு வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த 78 தட்டுகள். அவை பெரும்பாலும் அரக்கில் செய்தவை, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் பட்டால் அரக்கு கரைந்து தட்டே போய்விடும். அவற்றை இன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள். மெஷினோடு வரும் திரவத்தில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பாட்டிலில் பார்த்த பிறகே அவற்றைத் தொடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கும் யாரிடமாவது உங்கள் மோசமான தட்டுகளில் நாலைந்தைக் கொடுத்துக் கழுவிக் கேட்டுப் பாருங்கள். பொரிகிற சத்தம் குறைந்தால் அது அழுக்கு. பாட்டு உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் கரகரவென்று கிழிந்தால் அது தேய்ந்த ஊசி கோட்டை அரித்த காயம், எந்த மெஷினாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பெரியப்பாவின் ஈ.பி.களில் பாதி அப்படித்தான். கழுவி, புது உறையில் போட்டு வைத்திருக்கிறேன், கொடை மாதத்தில் எடுத்துப் போடுவேன்.